கேளிக்கைப் பூங்கா விடுமுறையில் எடைக் குறைப்புத் திட்டத்தைக் காப்பது எப்படி? செந்தோசா செல்வோருக்கான வழிகாட்டி

எடையைக் குறைக்க முடிவெடுத்து முதல் இரண்டு மூன்று மாதங்களைக் கடந்துகொண்டிருப்பவர்களுக்கு, ஜூன் மாதமும் ஆண்டிறுதியும் கடினமான காலங்கள். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போக வேண்டும் என்பார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் செந்தோசாவைக் காட்டாமல் அனுப்ப மனம் வராது. வீட்டில் அளந்து சமைத்து, கோப்பியில் சர்க்கரையைக் குறைத்து, மாலையில் நடந்து, ஒழுங்காகச் சென்றுகொண்டிருந்த திட்டம், காலையிலிருந்து இரவு வரை வெளியில் கழியும் அந்த ஒரு நாளில் கைநழுவிவிடுகிறது. போனது போகட்டும் என்று அடுத்த வாரமும் அதனோடு சேர்ந்து போய்விடுவதுதான் உண்மையான இழப்பு. இந்தக் கட்டுரை அந்த ஒரு நாளுக்காகவும் அதைத் தொடரும் ஒரு வாரத்துக்காகவும் எழுதப்பட்டது.

உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்தால் வரும் எண்) 23ஐத் தாண்டினாலே ஆசிய உடலமைப்பு உள்ளவர்களுக்கு நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் ஆபத்து கூடத் தொடங்குகிறது. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதை நம் குடும்பங்களைப் பார்த்தாலே அறிந்துகொள்ளலாம். ஆகவே இந்தத் திட்டம் தோற்றத்துக்காக மட்டும் மேற்கொள்ளப்படுவதன்று. விடுமுறை வந்தால் கைவிட்டுவிடத்தக்க ஒன்றும் அன்று. அதே வேளையில், குடும்பத்தோடு மகிழ்ந்திருக்க வேண்டிய நாளைத் தண்டனை நாளாக ஆக்கிக்கொள்ளவும் தேவையில்லை.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பூங்காவில் நம்மை மிகுதியாக உண்ண வைப்பது பெரும்பாலும் பசி அன்று, நேரம் தவறுவதே. ஒரு சவாரிக்கு நாற்பது நிமிடம், அடுத்ததற்கு ஒரு மணி நேரம் என்று வரிசையில் நிற்கையில் மதிய உணவு இரண்டரை மணிக்குத் தள்ளிப்போகிறது. அந்த நேரத்தில் வெயிலும் களைப்பும் சேர்ந்து, கண்ணில் முதலில் படும் கடையில், கைக்கு முதலில் கிடைக்கும் பெரிய தட்டை வாங்க வைக்கின்றன. எதை உண்பது என்பதைவிட எப்போது, எங்கே உண்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கீழே வரும் படிகள் பலவும் இந்த ஒரு கருத்தைச் சார்ந்தவை.

படி 1: அன்றைய இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள்

பூங்கா நாளில் எடையைக் குறைக்க முயல வேண்டாம். எடை கூடாமல் இருந்தால் போதும் என்று முடிவுசெய்யுங்கள். இதனால் எவ்வளவு இழப்பு என்று கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் நீங்கும். உடல் கொழுப்பில் ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 7,700 கிலோகலோரிக்குச் சமம். நாள்தோறும் தேவையைவிட 500 கிலோகலோரி குறைவாக உண்ணும் ஒருவர், அந்த ஒரு நாளில் மட்டும் எதையும் குறைக்காமல், உடலுக்கு வேண்டிய அளவை முழுமையாக உண்டால், அவர் தள்ளிப்போடுவது ஏறத்தாழ 65 கிராம் குறைவை மட்டுமே. ஒரு நாள் தாமதம், அவ்வளவே.

பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். முந்தைய நாள் இரவு உணவைத் தவிர்த்து, அன்று காலையும் ஒன்றும் உண்ணாமல், பூங்காவில் உண்பதற்கு இடம் சேர்த்து வைப்பதாக எண்ணுகிறார்கள். சேமித்த கலோரியைவிட, பதினொரு மணிக்கு வரும் கடும்பசி இழுத்துவிடும் கலோரி அதிகம் என்பதால் இந்த முறையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: மருந்து உட்கொள்வோர் ஒரு வாரத்துக்கு முன்பே திட்டமிடுங்கள்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்பவர்களும் உணவு நேரம் தவறினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். அன்று வழக்கத்தைவிட அதிகம் நடப்பீர்கள் என்பதையும், வரிசையில் சிக்கி உணவு தாமதமாகலாம் என்பதையும் உங்கள் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லி, மருந்தளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாகவே மருந்தை நிறுத்துவது கூடாது.

உடல் நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால், அது வெயிலின் விளைவு என்று ஒதுக்கிவிடாமல் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். குறைந்திருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் அமர்ந்திருந்து, மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் முறை. எனவே குளுக்கோஸ் மாத்திரைகள் பையின் அடியில் அல்லாமல், சட்டைப்பையில் இருக்கட்டும். சில சவாரிகளில் பையைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இன்சுலினை 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாது என்பதால் குளிர்காப்புப் பை ஒன்றும் தேவை. எடை குறைப்பதற்கான ஊசி மருந்து எடுத்துக்கொள்வோருக்குக் குமட்டலும் நீர்ச்சத்துக் குறைவும் ஏற்படக்கூடும். சுழலும் சவாரிகள் அதைக் கூட்டும். அவர்கள் ஊசி போடும் நாளைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

படி 3: முந்தைய நாள் மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் ஓர் ஏரியைச் சுற்றி வட்டமாக அமைந்துள்ளது. ஹாலிவுட் பகுதியில் நுழைந்து, நியூயார்க், அறிவியல் புனைவு நகரம், பண்டைய எகிப்து, தொலைந்த உலகம் என்று சுற்றி வரலாம். 2025இல் மினியன் பகுதியும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி உணவகங்கள் உண்டு. ஹாலிவுட் பகுதியின் மெல்ஸ் டிரைவ்-இன் பர்கருக்கும், நியூயார்க் பகுதியின் லூயீஸ் பீட்சாவுக்கும் உரியவை. தொலைந்த உலகத்திலுள்ள டிஸ்கவரி உணவு நிலையத்தில் நம் ஊர் உணவங்காடிகளில் கிடைப்பது போன்ற ஆசிய உணவு கிடைக்கும். எகிப்துப் பகுதியின் ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபே இந்திய, மத்திய தரைக்கடல் உணவுக்கானது. பட்டியலும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், முந்தைய நாள் பூங்காவின் இணையத்தளத்தில் பார்த்து, மதிய உணவுக்கு ஓர் இடத்தையும், அங்கே எதை வாங்குவது என்பதையும் முடிவுசெய்துவிடுங்கள். குடும்பத்தில் சைவம் உண்பவர்களும் ஹலால் உணவு தேவைப்படும் நண்பர்களும் இருந்தால் இந்தப் பத்து நிமிடம் இன்னும் பயனுள்ளது.

பொதுவாக இத்தகைய பூங்காக்களுக்குள் வெளியுணவு கொண்டுசெல்லக் கட்டுப்பாடு உண்டு. மருத்துவக் காரணத்துக்காகவோ குழந்தைக்காகவோ உணவு கொண்டுசெல்வதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதே நாளில் வெளியேறி மீண்டும் நுழைய முடியுமா என்பதையும் வாயிலிலேயே கேட்டுவிடலாம். முடியுமென்றால், மதிய உணவுக்கான தெரிவுகள் வெகுவாகக் கூடும்.

பையில் வைக்க வேண்டியவை சிலவே: மீண்டும் நிரப்பக்கூடிய தண்ணீர்ப் புட்டி, மழையங்கி, மாற்றுக் காலுறை. ஏற்கெனவே நடந்து பழகிய காலணியை அணியுங்கள். புதுக் காலணி கடித்து, காலில் கொப்புளம் வந்துவிட்டால், அடுத்த ஒரு வாரம் நடைப்பயிற்சி நின்றுவிடும். அந்த இழப்பு ஒரு தட்டு உணவைவிடப் பெரிது. எடை சற்று அதிகமுள்ளவர்களுக்கு ஈரப்பதத்தில் நெடுநேரம் நடக்கும்போது தொடைகள் உரசிப் புண்ணாவது வழக்கம். வெளியில் சொல்லத் தயங்கிப் பலர் பாதி நாளில் உட்கார்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். முழங்கால் வரை வரும் இறுக்கமான உள்ளாடையும், புறப்படுமுன் தடவும் சிறிதளவு பெட்ரோலியம் ஜெல்லியும் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சவாரியின் பாதுகாப்புப் பட்டை பொருந்துமா என்ற ஐயம் இருந்தால், ஒரு மணி நேரம் நின்ற பிறகு அறிந்துகொள்வதைவிட, வரிசையின் தொடக்கத்திலேயே பணியாளரிடம் கேட்பது மேல். அவர்களுக்கு அது அன்றாடக் கேள்விதான், கூசவேண்டியதில்லை.

படி 4: காலை உணவை வீட்டிலேயே முடியுங்கள்

பூங்கா வழக்கமாகக் காலை பத்து மணியளவில் திறக்கும். எட்டு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையில் வீட்டில் உண்டால் பதினொன்றரை வரை தாங்கும். அதற்குப் புரதம் வேண்டும். மூன்று இட்லி, காய்கள் நிறைந்த கெட்டிச் சாம்பார், அவித்த முட்டை இரண்டு என்பது நல்ல தொடக்கம். சைவம் மட்டும் உண்பவர்கள் முட்டைக்குப் பதிலாகச் சுண்டலோ டோஃபுவோ சேர்த்துக்கொள்ளலாம். தேங்காய்ச் சட்னியை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழியில் காப்பிக்கடையில் பரோட்டா வாங்கிக்கொள்ளலாம் என்று புறப்பட்டால், மைதாவும் எண்ணெயும் வயிற்றை நிரப்பினாலும், புரதமும் நார்ச்சத்தும் குறைவு என்பதால் பசி விரைவில் திரும்பிவிடும்.

ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறலாம். கடல்மேல் அமைந்த நடைபாதை வழியாக நடந்தும் செல்லலாம். நடைபாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. காலை வெயில் ஏறுமுன் அதில் நடப்பது இனிமையானது. ஆனால் பெரியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால், நாள் முழுவதும் நடக்க வேண்டியிருப்பதை எண்ணி ரயிலையே தேர்ந்தெடுக்கலாம்.

படி 5: உணவு வேளையை முதலில் குறியுங்கள், சவாரிகளை அதைச் சுற்றி அமையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சவாரிகளைத் திட்டமிட்டு, இடையில் கிடைக்கும் நேரத்தில் உண்ணலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இதைத் தலைகீழாக்குங்கள். பதினொன்றேகால் அல்லது பதினொன்றரைக்கு மதிய உணவு என்று குடும்பத்தினர் அனைவரிடமும் காலையிலேயே சொல்லிவிடுங்கள். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரிசைகள் சிறியவை. நீங்கள் மிகவும் விரும்பும் இரண்டு சவாரிகளை அப்போதே முடித்துவிடலாம். உணவகங்களில் பன்னிரண்டு மணிக்குமேல் கூட்டம் சேரும். அதற்கு முன் சென்றால் அமர இடம் கிடைக்கும், பட்டியலை நிதானமாகப் படிக்கலாம், சாதத்தைக் குறைத்துக் கேட்கவும் பணியாளருக்கு நேரம் இருக்கும். பின்னால் பத்துப் பேர் காத்திருக்கையில் இவை எதுவும் நடக்காது.

என்ன வாங்குவது? சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘மை ஹெல்தி பிளேட்’ என்ற வழிமுறை நினைவில் வைக்க எளிது: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பாகம் முழுத்தானியம், கால் பாகம் இறைச்சி, மீன், முட்டை, பருப்பு போன்றவை. பூங்கா உணவகத்தில் இந்த அளவு அப்படியே கிடைக்காது. ஆனால் எந்தத் திசையில் திருத்த வேண்டும் என்பதை அது காட்டும். சிக்கன் ரைஸ் வாங்கினால் வறுத்ததற்குப் பதில் அவித்த கோழி, தோல் நீக்கியது, சாதம் பாதி, வெள்ளரிக்காய் கூடுதல். இந்திய உணவானால் வெண்ணெயும் பாலாடையும் சேர்ந்த குழம்பைவிடத் தந்தூரிக் கோழியும் பருப்பும். ‘நான்’ ரொட்டி ஒன்றை இருவர் பகிரலாம். பர்கர்தான் கிடைக்கிறது என்றால் பர்கரை மட்டும் தனியாக வாங்குங்கள். எடையைக் கூட்டுவது பெரும்பாலும் அந்த ரொட்டியும் இறைச்சியும் அல்ல. அதனோடு சேர்ந்து தொகுப்பாக வரும் உருளைக்கிழங்கு வறுவலும் சர்க்கரைப் பானமுமே. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி இருக்க, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4தான் உள்ளது. எண்ணெயில் பொரித்த எதுவும் சிறிய அளவிலேயே கணக்கைக் கூட்டிவிடுவது அதனால்தான்.

மதிய உணவுக்குப் பின் வெயில் கடுமையாக இருக்கும் நேரத்தில் குளிரூட்டப்பட்ட அரங்க நிகழ்ச்சிகளையும் உள்ளரங்கச் சவாரிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த உணவு வேளை நான்கு மணிக்கு. அதைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

படி 6: குடிப்பதில் கவனம் வையுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்று யாரேனும் சொன்னால், இந்தப் படியைத்தான் கொடுப்பேன். சிங்கப்பூர் வெயிலில், ஈரப்பதத்தில், எட்டு மணி நேரம் நடப்பவர் மூன்று நான்கு முறை பானம் வாங்குவது இயல்பு. நூறு மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள 330 மில்லிலிட்டர் டின் ஒன்றில் 33 கிராம் சர்க்கரை இருக்கும். அது ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம். மூன்று டின் குடித்தால் ஏறத்தாழ 400 கிலோகலோரி, வயிறு நிறையாமலேயே, உடலுக்குள் சென்றுவிடும்.

இதில் சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2022 டிசம்பர் 30 முதல் புட்டியிலும் டின்னிலும் விற்கப்படும் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் அவ்வப்போது தயாரிக்கப்படும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு நடப்புக்கு வந்துள்ளது. ஏ முதல் டி வரை நான்கு தரங்கள். நூறு மில்லிலிட்டருக்குச் சர்க்கரை 1 கிராமுக்கு மிகாமல், இனிப்பூட்டியும் சேர்க்காமல் இருந்தால் ஏ. 5 கிராம் வரை பி. 10 கிராம் வரை சி. அதற்கு மேல் டி. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்திருந்தாலும் தரம் இறங்கும். சி, டி தரப் பானங்களில் குறியீடு கட்டாயம் இருக்க வேண்டும் என்பதால், பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பூங்கா நாளுக்கு நான் சொல்லும் விதி எளியது: ஏ, பி தவிர வேறெதையும் தாகத்துக்காக வாங்காதீர்கள்.

தாகத்துக்குத் தண்ணீர்தான். கழிவறைகளுக்கு அருகே குடிநீர்க் குழாய்கள் உண்டா என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையில் சேருமுன்பும் புட்டியை நிரப்புங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். வியர்வை மிகுதி என்பதால் ஐசோடோனிக் பானம் அவசியம் என்று பலர் கருதுகிறார்கள். நடைவேகத்தில் பூங்காவைச் சுற்றுபவருக்கு அன்றைய உணவில் உள்ள உப்பே பொதுவாகப் போதும், அந்தப் பானங்களிலும் சர்க்கரை உண்டு. கோப்பி இல்லாமல் முடியாது என்பவர்கள் கோப்பி-ஓ கோசோங் அல்லது தே-ஓ கோசோங் கேளுங்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பியும் தேநீரும் இவை. அந்தக் கசப்புக்குப் பழகாதவர்கள் கோப்பி-ஓ சியூ டாய் என்று கேட்டுச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். தே தாரிக் என்ற பால் தேநீரில் கட்டிப்பாலும் சர்க்கரையும், பண்டோங்கில் பாலோடு இனிப்பான ரோஜாப் பாகும் சேர்கின்றன. அவற்றைப் பானமாகக் கருதாமல் இனிப்புப் பண்டமாகக் கருத வேண்டும்.

படி 7: நான்கு மணிக்கு ஒரு தின்பண்டம்

பாப்கார்ன் மணம் பரவும் இடத்தில், குழந்தைகளின் கையில் ஐஸ்கிரீம் இருக்கையில், ஒன்றும் தொடமாட்டேன் என்று உறுதி எடுப்பது நீடிக்காது. நீடித்தாலும், வீடு திரும்பிய பிறகு குளிர்பதனப் பெட்டியின் முன் அது உடைந்துவிடும். எனவே உங்களுக்கு மெய்யாகவே பிடித்த ஒன்றைக் காலையிலேயே தேர்ந்தெடுத்து, நான்கு மணிக்கு உட்கார்ந்து, பகிர்ந்து உண்ணுங்கள். நடந்துகொண்டே உண்பதில் சுவையும் தெரியாது, அளவும் தெரியாது.

இந்த நான்கு மணி இன்னொரு வகையிலும் உதவும். நம் குடும்பங்களில் உணவை மறுப்பது அன்பை மறுப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். “அத்தை, எனக்கு வேண்டாம்” என்றால் அத்தை இரண்டு மடங்கு வற்புறுத்துவார். “அத்தை, இப்பப் போதும், நாலு மணிக்கு உங்களோட உட்கார்ந்து சாப்பிடுறேன்” என்றால் அவருக்கும் நிறைவு, உங்களுக்கும் திட்டம் கெடாது. மறுப்பதற்குப் பதில் நேரத்தைக் குறிப்பிடுவது பெரியவர்களிடம் நன்றாக வேலை செய்கிறது.

பெற்றோர் இன்னொன்றிலும் விழிப்பாக இருக்க வேண்டும். பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று தாயும் தந்தையும் உண்டுமுடிப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் பழக்கம். உணவை மதிக்கும் அந்த எண்ணம் உயர்ந்தது. ஆயினும் இரண்டு பிள்ளைகளின் மிச்ச வறுவலும், பாதி பீட்சாவும், கரைந்த ஐஸ்கிரீமும் சேர்ந்தால் ஒரு முழு உணவு வேளை ஆகிவிடும். வீணாக்காமல் இருக்கச் சிறந்த வழி குறைவாக வாங்குவதே. மூன்று பேருக்கு இரண்டு தட்டு வாங்கி, போதவில்லை என்றால் மீண்டும் வாங்கலாம்.

படி 8: மழைக்கும் ஒரு திட்டம் வைத்திருங்கள்

பிற்பகலில் இடி மின்னலுடன் மழை பெய்வது இங்கே அடிக்கடி நடப்பது. மின்னல் அபாயம் இருந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது அனைவரும் ஒதுங்கும் இடம் உணவகம். ஒதுங்கிய இடத்தில் சும்மா உட்காரக் கூசி எதையாவது வாங்குகிறோம். முன்கூட்டியே உள்ளரங்க நிகழ்ச்சி ஒன்றையோ கடைத்தெருவின் கூரையிட்ட பகுதியையோ மழைக்கென ஒதுக்கி வையுங்கள். உணவகத்தில்தான் இடம் கிடைத்தது என்றால், சூடான கோப்பி-ஓ கோசோங் ஒன்று வாங்கிக்கொண்டு அமரலாம்.

படி 9: நடந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

மாலையில் கைக்கடிகாரம் பதினைந்தாயிரம் அடிகளைக் காட்டும்போது, இனி எதையும் உண்ணலாம் என்று தோன்றும். 70 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 50 கிலோகலோரி செலவாகும். பத்துக் கிலோமீட்டர் நடந்தாலும் 500தான். பர்கர், வறுவல், பானம் சேர்ந்த ஒரு தொகுப்பு அதைத் தாண்டிவிடும். தவிர, கடிகாரங்கள் காட்டும் கலோரிக் கணக்கு பெரிதும் பிழைபடக்கூடியது. அடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மகிழலாம், ஹெல்தி 365 செயலியில் சேர்க்கலாம். இரவு உணவின் அளவை அதைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது.

படி 10: இரவு உணவை எங்கே உண்பது என்பதை உறுதிசெய்யுங்கள்

நாள் முழுவதும் காத்த திட்டம் உடையும் இடம் விவோசிட்டிதான் என்பது என் உறுதியான கருத்து. ரயிலிலிருந்து இறங்கும் அதே தளத்தில் உணவு நிலையம், கால்கள் வலிக்கின்றன, பிள்ளைகள் பசிக்கிறது என்கிறார்கள். வீட்டில் முந்தைய நாளே குழம்பும் பொரியலும் செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால், சாதம் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற நினைவே உங்களை நேராக எம்ஆர்டிக்கு அழைத்துச் செல்லும். வெளியில்தான் உண்ண வேண்டும் என்றால் மீன் சூப், யோங் தாவ் ஃபூ (மீன்பசை அடைத்த டோஃபுவும் காய்களும்) போன்றவற்றைச் சூப்பாகவும், பொரித்த துண்டுகள் இல்லாமலும் கேளுங்கள். சூப்பில் உப்பு மிகுதி என்பதால் நீரை முழுவதும் குடிக்க வேண்டியதில்லை.

பிற பூங்காக்களுக்குச் செல்வோர் சில மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். மண்டாயிலுள்ள இரவு சஃபாரி விலங்குத் தோட்டம் மாலை மங்கிய பிறகே தொடங்குவதால், ஆறு மணிக்கு வீட்டில் உண்டுவிட்டுப் புறப்படுவதே சிறந்தது. அங்கே தண்ணீர் மட்டும் போதும். ஜோகூரின் லெகோலாந்துக்குச் செல்வோர் துவாஸ் சோதனைச்சாவடியில் வாகனத்தில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, உணவு நேரத்தை முன்னதாகவே வகுக்க வேண்டும். மலேசியப் பக்கத்தில் சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் விதி பொருந்தாது என்பதால் பானத்தின் புட்டியில் அச்சிட்டுள்ள சர்க்கரை அளவைப் படித்துப் பாருங்கள். செந்தோசா ஹோட்டலில் தங்குவோர் காலை பஃபேயில் தட்டை எடுக்காமல் ஒரு சுற்று வந்து, பிறகு முட்டையும் பழமும் முதலில் எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

படி 11: தராசில் ஏறுவதற்கு ஐந்து நாள் காத்திருங்கள்

மறுநாள் காலை தராசு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோகூட அதிகம் காட்டலாம். இதைக் கண்டு மனமுடைந்தே பலர் திட்டத்தைக் கைவிடுகிறார்கள். அது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை என்பதை முதல் படியில் தந்த கணக்கே காட்டும்: தேவைக்கு மேல் 1,500 கிலோகலோரி உண்டிருந்தாலும் சேரக்கூடிய கொழுப்பு ஏறத்தாழ 200 கிராம்தான். மீதி பெரும்பாலும் நீர். வெளியுணவின் உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது. வழக்கத்தைவிடக் கூடுதலாக உண்ட மாவுச்சத்து கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேர்கையில், ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்குகிறது. நெடுநேரம் நின்ற கால்களிலும் வீக்கம் இருக்கும். வழக்கமான உணவுக்குத் திரும்பினால் மூன்று முதல் ஐந்து நாள்களில் இந்த நீர் வடிந்துவிடும்.

ஆகவே மறுநாள் தராசில் ஏற வேண்டாம். ஈடுகட்டுவதற்காகப் பட்டினியும் இருக்க வேண்டாம். வழக்கமான காலை உணவு, வழக்கமான அளவு, காய்கறி சற்றுக் கூடுதல், கால்கள் அனுமதித்தால் இருபது நிமிட மெல்லிய நடை, இவ்வளவே. ஐந்தாம் நாள் காலை, கழிவறைக்குச் சென்று வந்த பிறகு, உண்ணுமுன் எடை பார்த்து, விடுமுறைக்கு முந்தைய வார எடைக்கு அடுத்த வரியில் எழுதுங்கள். மாதவிடாய் நெருங்கும் பெண்களுக்கு அந்த நாள்களிலும் உடலில் நீர் தேங்கும் என்பதால், அவர்கள் அது முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடாக இருக்கும். அப்போதும் முந்தைய எடையைவிட அரைக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தால், பூங்கா நாளை விட்டுவிட்டு, அதற்குப் பின் வந்த நாள்களில் உண்டதைத் திருப்பிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.